கப்பி போட்டுத் தூக்குவதற்கு முன்னால் மேலே பாருங்கள்

பழுதுபார்க்கும் பிரிவில் ஃபிட்டராக இருக்கிறேன். மோட்டாரைக் கழற்றுவது, பம்பை இறக்குவது, கியர்பாக்ஸை இடம் மாற்றுவது என்று வேலையில் பாதி எதையாவது தூக்குவதாகத்தான் இருக்கும். கிரேன் நுழைய முடியாத மூலையில்தான் பழுதும் வரும், அது என்ன ராசியோ தெரியவில்லை. அங்கே கப்பியும் கயிறும்தான் துணை.

புதிதாக வருகிற பையன்களுக்குக் கப்பிக் கணக்கு நன்றாகவே தெரிகிறது. "நாலு மடிப்புக் கயிறு, அப்போ கால் பங்கு எடை, அவ்வளவுதானே அண்ணே?" என்று டக்கென்று சொல்லிவிடுவார்கள். "சரி தம்பி, கப்பியை எதில் தொங்கவிடப் போகிறாய், அந்த இடத்துக்கு எத்தனை கிலோ போகும்?" என்று கேட்டால் மட்டும் தலையைச் சொறிவார்கள். கப்பி நம் கையில் இருக்கும் பாரத்தைக் குறைக்கிறது. மேலே தொங்குகிற இடத்தின் பாரத்தைப் பெரும்பாலும் கூட்டிவிடுகிறது. விபத்து நடப்பதும் அங்கேதான். அதனால் கணக்கைக் கைப்பக்கத்திலிருந்து போடாமல் மேலிருந்து போடப் பழகுவது நல்லது.

முதலில் எடை

எடை தெரியாமல் கயிற்றைத் தொடாதீர்கள். மோட்டார், பம்ப் போன்றவற்றின் பெயர்த்தகட்டில் எடை பெரும்பாலும் இருக்கும். ஆனால் உள்ளே தேங்கியிருக்கும் தண்ணீரோ ஆயிலோ அதில் சேராது. தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ. 50 லிட்டர் ஆயில் கிட்டத்தட்ட 45 கிலோ. முடிந்தால் வடித்துவிட்டுத் தூக்குங்கள். பாதி நிரம்பிய தொட்டி ஆடும்போது உள்ளே இருப்பதும் சேர்ந்து ஆடும், அது இன்னொரு தலைவலி.

தகடே இல்லாத இரும்புச் சாமானுக்கு இரண்டு கணக்குகள் மனப்பாடமாக இருந்தால் போதும். 1 மீட்டருக்கு 1 மீட்டர் இரும்புத் தகடு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் கிட்டத்தட்ட 8 கிலோ. 10 மி.மீ. தகடு என்றால் 80 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். உருண்டைக் கம்பி என்றால் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 50 மி.மீ. ஷாஃப்ட் மீட்டருக்கு 15 கிலோ சொச்சம். சந்தேகம் வந்தால் கூட்டிப் போடுங்கள், குறைத்துப் போடாதீர்கள்.

இனி இந்தக் கட்டுரை முழுக்க 120 கிலோ மோட்டார் ஒன்றைத் தூக்குவதாக வைத்துக்கொள்வோம்.

ஒற்றைக் கப்பி என்ன செய்கிறது

மேலே ஒரு கப்பியைக் கட்டி, கயிற்றின் ஒரு முனையில் மோட்டாரைக் கட்டி, மறுமுனையைக் கீழ்நோக்கி இழுக்கிறீர்கள். இந்த நிலையான கப்பி எடையைக் கொஞ்சமும் குறைக்காது. இழுக்கும் திசையை மட்டும் மாற்றித் தருகிறது. குனிந்து தூக்குவதைவிட உடம்பின் பாரத்தைப் போட்டுக் கீழே இழுப்பது சுலபம், அதுதான் லாபம். அந்த லாபத்துக்கும் எல்லை உண்டு. 65 கிலோ ஆள் கயிற்றில் தொங்கினாலும் 65 கிலோவுக்கு மேல் இழுக்க முடியாது. அதற்கு மேல் போனால் மோட்டார் கீழே இருக்க, ஆள்தான் மேலே போவார்.

இப்போது மேலே பாருங்கள். ஒரு பக்கம் 120 கிலோ மோட்டார். அதைத் தூக்க இன்னொரு பக்கம் குறைந்தது 120 கிலோ இழுவை. இரண்டும் சேர்ந்து கப்பி தொங்கும் கம்பியில் 240 கிலோ. "120 கிலோதானே, இந்தப் பைப் தாங்கும்" என்று சொன்னவர் பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறார்.

கப்பியே இல்லாமல் கம்பியின் மேல் கயிற்றைப் போட்டு இழுத்தால் இன்னும் மோசம். கயிறு அரை வட்டம் சுற்றி உரசுகிறது. வழவழப்பான இரும்புப் பைப்பாக இருந்தாலும், உராய்வுக் கெழு (உரசல் எவ்வளவு என்று காட்டும் எண்) 0.3 என்று வைத்தால், தூக்குவதற்கு எடையைப் போல இரண்டரை மடங்கு இழுக்க வேண்டும். அதாவது 120 கிலோவுக்கு 300 கிலோவுக்கும் மேல். பைப்பின் தலையில் 400ஐத் தாண்டி உட்கார்ந்திருக்கும்.

இயங்கும் கப்பியும் மடிப்புக் கணக்கும்

எடை குறைய வேண்டும் என்றால் கப்பி சுமையோடு சேர்ந்து நகர வேண்டும். கயிற்றின் ஒரு முனையை மேலே கட்டி, கயிற்றைச் சுமையில் மாட்டிய கப்பிக்குள் விட்டு, மறுமுனையை மேல்நோக்கி இழுத்தால், சுமையை இரண்டு மடிப்புக் கயிறு தாங்குகிறது. உங்கள் பங்கு 60 கிலோ. 1 மீட்டர் தூக்க 2 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். இந்த அமைப்பில் மட்டும் மேலே கட்டிய இடத்துக்கும் பாதிதான் போகும், ஏனென்றால் மீதிப் பாதியை மேலே நின்று நீங்கள் தாங்குகிறீர்கள். மேலே நிற்க இடம் வேண்டும், அதுதான் சிக்கல்.

அதனால் நடைமுறையில் மேலே ஒரு கப்பித் தொகுதி, கீழே ஒரு கப்பித் தொகுதி என்று போட்டு, கயிற்றைக் கீழ்நோக்கி இழுக்கிறோம். எத்தனை மடங்கு லாபம் என்று பார்க்கச் சக்கரங்களை எண்ணாதீர்கள். கீழ்த் தொகுதியைப் பிடித்திருக்கும் கயிற்று மடிப்புகளை மட்டும் எண்ணுங்கள். நாலு மடிப்பு என்றால் நாலு. மேல் சக்கரத்திலிருந்து உங்கள் கைக்கு இறங்கி வரும் கயிறு அந்த எண்ணிக்கையில் சேராது, அது சுமையைத் தாங்கவில்லை.

கயிறு கோக்கும்போது கட்டு முனையை, அதாவது நாம் இழுக்காத மறுமுனையை, எங்கே கட்டுவது என்று பலர் குழம்புவார்கள். இழுப்பது மேல் தொகுதியிலிருந்து கீழ்நோக்கி என்றால், மடிப்பு இரட்டைப்படையாக வேண்டுமானால் கட்டு முனை மேல் தொகுதியில். ஒற்றைப்படையாக வேண்டுமானால் கீழ்த் தொகுதியில். மேலே இரட்டைச் சக்கரம், கீழே இரட்டைச் சக்கரம், கட்டு முனை மேலே: நாலு மடிப்பு. மேலே இரட்டை, கீழே ஒற்றை, கட்டு முனை கீழே: மூன்று மடிப்பு. தரையில் கிடத்திவைத்தே கோத்துவிடுங்கள். ஏணியில் நின்றுகொண்டு கோத்தால் எங்காவது ஒரு மடிப்பு குறுக்கே போய்விடும். குறுக்கே போன கயிறு கயிற்றோடு உரசும், பாரம் ஏறியதும் கீழ்த் தொகுதி சுழன்று முறுக்கிக்கொள்ளும்.

எவ்வளவு நீளக் கயிறு வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். இரண்டு தொகுதிகளுக்கும் இடையில் 3 மீட்டர் என்றால் நாலு மடிப்புக்கு 12 மீட்டர். மேலிருந்து கைக்கு வர 3 மீட்டர். முடிச்சுக்கும், கைக்குப் பின்னால் கிடக்க வேண்டிய வாலுக்கும் சேர்த்து 20 மீட்டர் எடுத்தால் நிம்மதி. வாலின் கடைசியில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள். கை நழுவினாலும் கயிறு கப்பியை விட்டு ஓடிப்போகாது.

உராய்வு தின்னும் பங்கு

பாடப்புத்தகத்தில் 120ஐ நாலால் வகுத்தால் 30. கையில் 30 வராது. கயிறு ஒவ்வொரு சக்கரத்தைத் தாண்டும்போதும் கொஞ்சம் இழுவை உராய்விலும் கயிறு வளைவதிலும் போய்விடுகிறது. பேரிங் வைத்த நல்ல சக்கரத்தில் இந்த இழப்பு 5 சதவீதம் போல இருக்கும். பேரிங் இல்லாமல் வெறும் வளையத்தில் சுழலும் சாதாரண புஷ் சக்கரத்தில் 10. துருப்பிடித்து, எண்ணெய் பார்க்காமல் கிடந்ததில் 20 அல்லது அதற்கு மேல்.

நம் நாலு மடிப்பில் கயிறு நாலு சக்கரங்களைத் தாண்டுகிறது. இழப்பு 5 சதவீதம் என்றால் கையில் 34 கிலோ, 10 என்றால் 39, 20 என்றால் 51. "இழுக்க முடியவில்லை, இன்னும் இரண்டு சக்கரம் போடலாம்" என்று தோன்றுவது இங்கேதான். சக்கரம் சேர்க்கச் சேர்க்க இழப்பும் சேர்கிறது. 20 சதவீதம் தின்னும் சக்கரங்களைக் கொண்டு எட்டு மடிப்புப் போட்டாலும் இழுவை 51லிருந்து 36க்குத்தான் இறங்கும், கயிறோ இரண்டு மடங்கு இழுக்க வேண்டும். அந்தச் சக்கரங்களை எத்தனை நூறு போட்டாலும் லாபம் நாலு மடங்கைத் தாண்டவே தாண்டாது. 10 சதவீத இழப்பில் அந்த உச்சவரம்பு 9 மடங்கு. 5 சதவீதத்தில் 19. எனவே இன்னொரு கப்பி தேடுவதற்கு முன்னால் இருக்கிற கப்பியின் ஆணியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

எனக்குப் பிடித்த வேறொரு வழி, கப்பித் தொகுதியின் இழு முனையை இன்னொரு சின்னத் தொகுதியால் இழுப்பது. மூன்று மடிப்பை மூன்று மடிப்பு இழுத்தால் லாபம் கூட்டல் ஆகாது, பெருக்கல் ஆகும்: ஒன்பது. குறைந்த சக்கரங்களில் அதிக லாபம். ஆனால் சின்னத் தொகுதி சீக்கிரம் முட்டிக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் பிடித்து நிறுத்தி, நீட்டி, மறுபடி மாட்ட வேண்டும். ஒரு அடி தூக்கவேண்டிய இடத்தில் அருமையான ஏற்பாடு. 3 மீட்டர் தூக்கப் பொறுமை வேண்டும்.

தொங்கும் இடம்

இப்போது மேலே போகலாம். நாலு மடிப்பில், புஷ் சக்கரத்தில், மேல் கொக்கிக்குப் போவது 120 கிலோ மோட்டார், உங்கள் 39 கிலோ இழுவை, கப்பிகளும் கயிறும் சேர்ந்து ஒரு 10 கிலோ: ஆகக் கிட்டத்தட்ட 170. ஒற்றைக் கப்பியின் 240ஐவிடக் குறைவு, ஆனால் 120ஐவிட நிச்சயம் அதிகம்.

இதுவும் மோட்டார் சுதந்திரமாக ஏறினால்தான். ஒரு போல்ட்டைக் கழற்ற மறந்துவிட்டீர்கள், அல்லது துருவில் அடிப்பகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். மோட்டார் அசையவில்லை. இருவர் சேர்ந்து 80 கிலோவுக்கு இழுக்கிறார்கள். அந்த 80, கீழ்க் கொக்கியில் கிட்டத்தட்ட 250 ஆகிறது. மேல் கொக்கியில் 330. கையில் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்றுதான் தோன்றும். கப்பியின் லாபம் இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஆகவே மேலே இருக்கும் கம்பி தாங்க வேண்டியது மோட்டாரின் எடையை மட்டும் அல்ல, நீங்கள் உச்சபட்சமாக எவ்வளவு இழுப்பீர்களோ அதன் விளைவையும்தான். ஏறவில்லை என்றால் நிறுத்திவிட்டு, ஏன் ஏறவில்லை என்று பாருங்கள். ஆள் கூப்பிடாதீர்கள்.

கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ், சரக்கும் ஆட்களும் ஏற்றிய, மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல் ஒன்றைக் கப்பித் தொகுதியால் தனியாளாக உட்கார்ந்தபடியே இழுத்துக் காட்டினார் என்று பழங்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கப்பல் தண்ணீரில் போவதுபோல வழுக்கி வந்ததாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. கப்பியின் மறுபக்கத்தை எதில் கட்டினார் என்பதை மட்டும் அதில் காணோம். கப்பலை இழுத்த முழு விசையையும் அந்த இடம்தானே தாங்கியிருக்கும்! ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இந்த விஷயத்தில் நம்ம ஆள். பாரந்தூக்கியை விவரிக்கும்போது, மரக்கம்பங்களை நட்டு, உச்சியிலிருந்து சுற்றிலும் கயிறு கட்டி நிறுத்துவதைச் சொல்லிவிட்டுத்தான் கப்பிக்கு வருகிறார்.

கட்டடத்தின் எஃகு உத்தரத்தில் தொங்கவிடுவது நல்லது, உத்தரத்தைக் கவ்விப் பிடிக்க அதற்கென்றே உள்ள பீம் கிளாம்ப் போட்டு. கூரைக் கட்டமைப்பின் கம்பிகளில் தொங்கவிட வேண்டி வந்தால், கம்பிகள் வந்து சேரும் முடிச்சில்தான் பாரம் இறங்க வேண்டும்; இரண்டு முடிச்சுக்கு நடுவில் போட்டால் கம்பி வளையும். அதுவும் அந்தக் கூரையை வடிவமைத்தவரோ பொறியாளரோ தாங்கும் என்று சொன்னால் மட்டும். தண்ணீர்க் குழாய், கேபிள் தட்டு, கைப்பிடிக் கம்பி, இவை எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் தொடாதீர்கள். மர உத்தரம் என்றால் சுவருக்குள் போகும் முனையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், அங்கேதான் முதலில் உளுத்துப்போகும்.

மேலே எதுவுமே இல்லை என்றால் முக்காலிதான், அதாவது உச்சியில் சேர்த்துக் கட்டிய மூன்று கம்பங்கள். மூன்று கால்களும் வெளியே வழுக்காமல் இருக்க, அடியில் மூன்றையும் சங்கிலியால் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். இழுக்கும் ஆள் முக்காலிக்கு வெளியே தள்ளி நின்று சாய்வாக இழுத்தால் அது அவர் பக்கம் கவிழப் பார்க்கும். கயிறு நேர் கீழே, மூன்று கால்களுக்குள்ளேயே வர வேண்டும்.

தள்ளி நின்று இழுக்கத்தான் வேண்டும் என்றால் தரையில் ஒரு கப்பியைப் போட்டுக் கயிற்றைத் திருப்பலாம். பக்கவாட்டில் திறந்து கயிற்றின் நடுப்பகுதியையே உள்ளே வைக்கக்கூடிய ஸ்நாட்ச் பிளாக் இதற்கு வசதி. அந்தக் கப்பிக்கும் ஒரு கட்டுமிடம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். கயிறு செங்கோணமாகத் திரும்பினால் இழுவையைப் போல 1.4 மடங்கு அங்கே விழும். முழுக்கத் திரும்பி வந்த வழியே போனால் 2 மடங்கு. அந்தத் திருப்பத்தின் உள்பக்கம், அதாவது கயிறு வளையும் கோணத்துக்குள், யாரும் நிற்கக்கூடாது. கட்டுமிடம் பிய்ந்தால் கப்பி பறந்து வரும் பாதை அதுதான்.

கயிறு, கொக்கி, பெல்ட்

எந்தக் கயிற்றிலும் அறுபடும் விசை வேறு, வேலைக்கு அனுமதித்த பாரம் வேறு. தூக்கும் சாமான்களில் இரண்டாவது எண்தான் உங்களுக்கானது. சங்கிலிக்குப் பொதுவாக நாலு மடங்கு, வயர் ரோப்புக்கு (எஃகுக் கம்பிக் கயிறு) ஐந்து, சுமையைச் சுற்றி மாட்டும் பாலியஸ்டர் பெல்ட்டுக்கு ஏழு மடங்கு இடைவெளி வைத்துத்தான் அந்த எண்ணை அச்சடிக்கிறார்கள். "ஏழு மடங்கு தாங்குமே, கூடக் கொஞ்சம் போடலாம்" என்ற யோசனைக்காக அல்ல. ஆடும்போதும் சட்டென்று நிற்கும்போதும் பாரம் ஏறும், முடிச்சுப் போட்டால் கயிற்றின் பலம் பாதி வரைகூடப் போகும், பழசானால் இன்னும் போகும். அந்த இடைவெளி இதற்கெல்லாம் சேர்த்துத்தான்.

கைக்கயிறு என்றால் எனக்குப் பாலியஸ்டர்தான் பிடிக்கும். நைலான் ரப்பர்போல நீளும்; முதல் சில இழுப்புகள் கயிற்றை நீட்டுவதிலேயே போய்விடும், அறுந்தால் சாட்டையாக வீசும். பாலிபுரொப்பிலீன் வெயிலில் கிடந்தால் பொடிந்துபோகும், உரசிச் சூடானால் உருகும். தடிமனைக் கைதான் முடிவு செய்கிறது: 8 மி.மீ. கயிறு கணக்குப்படி தாங்கினாலும் 39 கிலோவை அதில் பிடித்து இழுக்க விரல் ஒத்துழைக்காது. 12லிருந்து 16 மி.மீ. வரை எடுங்கள். சக்கரத்தின் விட்டம் கயிற்றின் தடிமனைப் போல 8 மடங்காவது இருக்கட்டும், அதாவது 12 மி.மீ. கயிற்றுக்கு 10 செ.மீ. சக்கரம். வயர் ரோப்புக்கு இன்னும் பெரிய சக்கரம் வேண்டும்.

மோட்டாரை இரண்டு கால் பெல்ட்டில் மாட்டும்போது கோணத்தைக் கவனியுங்கள். இரண்டும் நேராக நின்றால் காலுக்கு 60 கிலோ. தரைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் சாய்ந்தால் 69. 45 டிகிரியில் 85. 30 டிகிரிக்குப் படுத்தால் ஒவ்வொரு காலிலும் முழு 120. பெல்ட் நீளம் போதாமல் அகட்டி மாட்டுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. நீளமான பெல்ட் ஒன்று கொண்டுவந்தால் தீர்ந்துபோகிற விஷயம்.

ஷாக்கிளின் (U வடிவ இணைப்பு வளையம்) ஆணி தொலைந்தால் அந்த இடத்தில் சாதாரண போல்ட் போடாதீர்கள். கொக்கியின் வாயை மூடும் நாக்கு இல்லையென்றால் கம்பியால் வாயைக் கட்டிவிடுங்கள்.

தூக்குவதும் பிடிப்பதும்

மேல் கப்பி, மோட்டாரின் எடைமையத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். தள்ளி இருந்தால், தரையை விட்ட நொடியில் மோட்டார் ஊஞ்சலாடும்.

கட்டளை ஒருவர்தான் கொடுக்க வேண்டும். "நிறுத்து" என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்னதும் நிற்க வேண்டும். 5 செ.மீ. தூக்கி நிறுத்துங்கள். மேலே கிளாம்ப் நகர்ந்ததா, முடிச்சு இறுகியதா, மோட்டார் சாய்கிறதா, மடிப்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா என்று பாருங்கள். ஏதாவது சரியில்லை என்றால் 5 செ.மீ. உயரத்திலிருந்து இறக்குவது எளிது. வெட்டி வெட்டி இழுக்க வேண்டாம், ஒவ்வொரு வெட்டுக்கும் மேல் கொக்கியில் பாரம் எகிறும்.

இருவர் இழுத்தால் மூன்றாவது ஆள் ஒருவர் வாலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையில் உறுதியாக நிற்கும் பைப் ஒன்றில் வாலை இரண்டு முழுச்சுற்றுச் சுற்றி, இழுக்க இழுக்கத் தளர்வை உள்ளே வாங்கிக்கொண்டே வருவது அவர் வேலை. முன்னால் கம்பிமேல் கயிற்றைப் போட்டபோது நம்மைப் படுத்திய அதே உராய்வு இங்கே நம் கட்சி. இரண்டு சுற்றில் பிடிமானம் 40 மடங்கு அளவுக்குப் பெருகும். இழுக்கும் இருவரும் கையை விட்டாலும் ஒற்றைக் கையால் நிறுத்திவிடலாம். கயிற்றை முழங்கையிலோ உள்ளங்கையிலோ சுற்றிப் பிடிப்பவரை உடனே வேறு வேலைக்கு அனுப்புங்கள்.

இறக்கும்போது ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏற்ற 39 கிலோ இழுத்தோம். இறக்கும்போது உராய்வு நம் பக்கம் சேர்ந்துகொள்வதால் 23 கிலோ பிடித்தாலே மோட்டார் நிற்கும். 39க்கும் 23க்கும் நடுவில் எவ்வளவு பிடித்தாலும் அது ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. கொஞ்சம் தளர்த்தியும் அசையவில்லையே என்று இன்னும் தளர்த்துவீர்கள், பிறகு ஒரேயடியாக இறங்கும். அதனால் இறக்குவதைக் கையால் செய்யாமல், பைப்பில் சுற்றிய வாலை விரலளவு விரலளவாக விட்டுச் செய்யுங்கள். மோட்டார் 1 மீட்டர் இறங்கினால் கயிறு 4 மீட்டர் ஓடும். தோல் கையுறை இல்லாமல் அந்த ஓட்டத்தைப் பிடித்தவருக்கு உள்ளங்கைத் தோல் மிஞ்சாது.

தொங்குகிற சுமைக்குக் கீழே தலையோ கையோ போகக்கூடாது. போல்ட் துளையைச் சரிபார்க்க விரலை விடாதீர்கள், கம்பியை விடுங்கள். துளைக்கு நேராக மில்லிமீட்டர் கணக்கில் இறக்க வேண்டிய வேலை, அல்லது தொங்கவிட்டபடியே அரை மணி நேரம் வேறு வேலை பார்க்க வேண்டும் என்றால் கயிற்றுக் கப்பியை ஒதுக்கிவிட்டு, சங்கிலியை இழுத்துத் தூக்கும் செயின் பிளாக் போடுங்கள். அதில் பிரேக் இருக்கிறது, கையை விட்டால் நின்ற இடத்தில் நிற்கும். பழைய வெஸ்டன் வகைச் செயின் கப்பியில் பிரேக்கே கிடையாது. ஒரே அச்சில் 15 பல்லும் 14 பல்லும் உள்ள இரண்டு சக்கரங்கள் இருந்தால் கணக்கில் 30 மடங்கு லாபம். அதில் பாதிக்கு மேல் உராய்வு தின்றுவிடும், தின்பதனாலேயே சுமை தானாக இறங்காது. ஆட்களைத் தூக்க இவை எதையும் பயன்படுத்தாதீர்கள், அதற்குச் சாமானும் விதியும் வேறு.

தரையில் நகர்த்துவது

தூக்காமல் இழுத்துப் போவதற்கும் இதே கப்பிகள்தான், படுக்கைவாட்டில். ஆனால் இங்கே கப்பிக்கு முன்னால் உருளைக்குப் போங்கள். 600 கிலோ இயந்திரத்தைச் சிமெண்ட் தரையில் அப்படியே இழுக்க 250 கிலோவுக்குக் குறையாமல் வேண்டியிருக்கும். மூன்று மடிப்புக் கப்பி போட்டால் கையில் 90, 100 வரும். அதே இயந்திரத்தைக் கடப்பாரையால் நெம்பி, அடியில் நாலைந்து இரும்புப் பைப்புகளை உருட்டிவிட்டால், தரை சமமாக இருக்கும் பட்சத்தில் மொத்த இழுவையே 30 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். கட்டுமிடத்துக்கும் அவ்வளவுதான் போகும். தூணில் கட்டினால் அடிப்பாகத்தில், தரையோடு ஒட்டிக் கட்டுங்கள்.

சரிவில் கணக்கு மாறும். 5 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில், உருளை இருந்தாலும் 600 கிலோவுக்கு 120 கிலோ எப்போதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். உருளை எவ்வளவு நன்றாக உருள்கிறதோ அவ்வளவு நன்றாகப் பின்னோக்கியும் உருளும். முன்னால் இழுக்கும் கயிறு தவிர, மேலே இன்னொரு தனி இடத்தில் கட்டிய தடுப்புக் கயிறும், ஒவ்வொரு அடிக்கும் பின்னால் செருகுவதற்கு ஆப்புகளும் இருக்க வேண்டும். ஆப்பை நீளமான கம்பில் ஆணி அடித்து மாட்டிவிட்டால், செருகுகிற ஆள் பக்கவாட்டில் நின்றே செருகலாம், இயந்திரத்துக்குப் பின்னால் போக வேண்டியதில்லை.

இரண்டு தொகுதிகளும் நெருங்கி முட்டப்போகும்போது, ஒரு முழம் இடைவெளி இருக்கையிலேயே நிறுத்திவிடுங்கள். ஆப்பைச் செருகி, தடுப்புக் கயிற்றை இறுக்கி, பாரம் அவற்றுக்கு மாறிவிட்டதா என்று இழு முனையைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். இயந்திரம் அசையவில்லை என்றால் கப்பியைக் கழற்றலாம், அடுத்த தூணுக்குப் போகலாம்.